ஒட்டகக் கல் சிறுக்கவில்லை

புர்மாகான் அக்காவை நான் முதலில் பார்த்தது ஒரு காவல் சாவடியில். துப்பாக்கியோடு ஒரு பெண்ணைப் பிடித்து வைத்திருக்கிறோம், உங்கள் அலுவலகத்தின் பெயரைச் சொல்கிறாள், வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று மாவட்டப் பேரிடர் அலுவலகத்துக்கு போன் வந்தது. நான் வேலையில் சேர்ந்து அன்றைக்குப் பதினோரு நாள். மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். நான் போனேன்.

சாவடி மேசையில் அந்தத் துப்பாக்கி கிடந்தது. மரக்கட்டை, விசை எல்லாம் இருந்தது. ஆனால் குழாய் முழங்கை மொத்தத்துக்கு இருந்தது, அதன் வாயில் கண்ணாடி மின்னியது. சோவியத் காலத்துப் போட்டோ துப்பாக்கி அது. முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸைக் கட்டையில் பூட்டி, தோளில் அணைத்துக்கொண்டு படம் எடுப்பார்கள். பின்பக்கம் பழைய பிலிம் கேமரா இருக்கவேண்டிய இடத்தில், உள்ளங்கை அளவுக்கு மிரர்லெஸ் என்கிற புதுவகை டிஜிட்டல் கேமரா ஒட்டிக்கொண்டிருந்தது, யாக் மாட்டின் காதில் உண்ணி மாதிரி.

அதன் சொந்தக்காரி சாவடிக்காரன் கொடுத்த தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய முகம். தலைத்துணியின் முடிச்சு குதிரை ஓட்டத்தில் பின்னுக்குப் போயிருந்தது.

"நீதான் ஆபீஸா?" என்றார் என்னைப் பார்த்து. "இந்தப் பிள்ளைகிட்ட சொல்லு தம்பி. இதால சுட்டா யாரும் சாக மாட்டாங்க. அசிங்கமாத் தெரிவாங்க, அவ்வளவுதான்."

சாவடிக்காரன் நம்புகிற மாதிரி இல்லை. அக்கா கேமராவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், ஆற்றுக்கு அக்கரையில் இருந்த வீடுகளைப் பார்த்துப் பிடித்தார். ஒரு படம். திரையில் அதைப் பெரிதாக்கி அவனிடம் நீட்டினார்.

"பச்சைக் கூரை உன் வீடுதானே? கொடியில உன் சட்டை காயுது. காலர் அழுக்கு இன்னும் போகல. நான் சொன்னேன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாதே."

அவன் ஒரு கையெழுத்துகூட வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

எங்கள் பதிவேட்டில் அக்காவின் பெயர் உண்மையிலேயே இருந்தது. துயுக்-சூ ஊர், மேல் ஏரி, பார்வையாளர், கால் பங்குச் சம்பளம். துயுக்-சூவுக்கு மேலே பதினான்கு கிலோமீட்டரில், பனியாற்றின் காலடியில், ஜூன் மாதம் ஒரு ஏரி ஊறும். ஆகஸ்டில் காணாமல் போகும். பனியாறு தள்ளிக் குவித்த கல்லும் மண்ணும்தான் அதற்குக் கரை. கரைக்கு அடியில் பனிக்குள் ஒரு பொந்து உண்டு. அது திறந்திருந்தால் தண்ணீர் சத்தமில்லாமல் வடிந்துவிடும். அடைத்துக்கொண்டால் ஏறும். ஏறிக் கரை உச்சியைத் தொட்டுவிட்டால், கல்லும் மண்ணும் சர்க்கரை மாதிரிக் கரைந்து மொத்த ஏரியும் ஊரைப் பார்த்து வரும். கரை உச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே இன்னும் எவ்வளவு மிச்சம் என்று தினமும் யாராவது பார்த்துச் சொல்லவேண்டும். அந்த யாராவதுதான் புர்மாகான் அக்கா.

கரைக்குப் பக்கத்தில் போய் நிற்க முடியாது, கல் உருளும். அறுநூறு மீட்டர் தள்ளி ஒரு மேட்டில் இருந்து படம் எடுத்து அனுப்புவார். தண்ணீருக்குள் எங்கள் அலுவலகம் நட்ட அளவுகோல் படத்தில் தெரியும். அதைப் படித்து எழுதுவது என் வேலை.

லென்ஸ் வந்த கதையை அவர் கணவர் ஜுமாலி சொல்லித் தெரிந்துகொண்டேன். கூட்டுப்பண்ணை கலைந்தபோது பண்ணைச் சொத்தை ஊரார் பிரித்துக்கொண்டார்கள். புத்தியுள்ளவர்கள் ஆடு எடுத்தார்கள், டிராக்டர் சக்கரம் எடுத்தார்கள். ஜுமாலி பண்ணை மன்றத்தில் புகைப்படக் குழுவை நடத்தியவர். அவர் போட்டோ துப்பாக்கியோடு வீட்டுக்கு வந்தார். பால் கடையும் இயந்திரம் வரும் என்று காத்திருந்த அக்கா ஒன்பது நாள் அவரோடு பேசவில்லையாம்.

"ஒன்பது இல்ல, பதினாலு" என்று அடுப்படியில் இருந்து திருத்தம் வந்தது.

பிறகு பிலிம் கிடைப்பது நின்றது. பெட்டி பரணுக்குப் போனது. இருபது வருஷம் கழித்து, மாஸ்கோவில் துணிக்கடைக் கிடங்கில் வேலை பார்க்கும் மகள் ஜிபார், அம்மாவின் ஏரி வேலைக்கென்று பழைய மிரர்லெஸ் கேமரா ஒன்றை வாங்கி அனுப்பினாள். வெறும் உடல் மட்டும்தான், லென்ஸ் அடுத்த வருஷம் என்றாள். அக்கா அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கிற ஆள் இல்லை. பிஷ்கெக் சந்தையில் இருந்து ஓர் இணைப்பு வளையம் வரவழைத்து, பரணில் இருந்ததை இறக்கி மாட்டிவிட்டார். கேமரா படம் எடுக்க மறுத்தது. லென்ஸ் இல்லை என்று திரையில் எழுதிக் காட்டியது. "ரெண்டு கிலோவை மூஞ்சியில தொங்க விட்டிருக்கேன், இல்லைங்குது" என்று மகளுக்கு போன் போட்டுத் திட்டினார். ஜிபார் வேலை இடைவேளைகளில் மூன்று நாள் பேசி, லென்ஸ் இல்லாமலும் படம் எடு என்கிற அனுமதியை எந்தப் பட்டியலில் திறப்பது என்று கண்டுபிடித்துக் கொடுத்தாள். கை நடுக்கத்தைச் சமாளிக்க லென்ஸின் நீளத்தைக் கேமராவுக்குச் சொல்லவேண்டும் என்றாள். அக்கா 300 என்று போட்டார். அந்த எண்ணைக் கேமரா தான் எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் எழுதி வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அக்கா அந்தப் பக்கமே போகவில்லை. மேட்டில் ஒரு கல்லின் மேல் வாற்கோதுமைப் பையை வைத்து, அதில் லென்ஸைப் படுக்கப்போட்டு எடுப்பவருக்கு, நடுக்கம் எதற்கு?

அதே பெட்டியில் ஒரு காலுறைக்குள் இன்னொன்றும் இருந்தது. கட்டைவிரல் நீளத்தில் ஒரு கருப்புக் குழாய், உள்ளே நாலைந்து கண்ணாடி. டெலிகன்வெர்ட்டர். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் அதைத் திருகிவிட்டால் முந்நூறு அறுநூறாகிவிடும். அக்கா அதற்குக் 'கழுத்து' என்று பெயர் வைத்திருந்தார். பிலிம் காலத்தில் அதை யாரும் சீந்தவில்லை. மாட்டினால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும், பார்க்கும் துளை இருட்டறையாகிவிடும், குறியே வைக்க முடியாது. மிரர்லெஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை. திரை தானாக வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும். ஒரு மூலையைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்து, புல்லின் நுனி கூர்மையாகும் வரை வளையத்தை மெல்லத் திருகலாம். ஓரங்கள் பஞ்சு மாதிரி மங்கும், கண்ணாடியில் பூஞ்சை வேறு. நடுப்பகுதி போதும் என்பார். மர்மோட் என்கிற மலை அணில்களையும் மலையாடுகளையும் எடுக்கக் கழுத்து. ஏரிக்கு வெறும் லென்ஸ். அவர் முறை அது.

நான் வருவதற்கு முந்தைய ஜூலையில் நடந்ததையும் சொல்லவேண்டும். அப்போது கணக்கு எதுவும் கிடையாது, அக்காவின் வார்த்தைதான். ஏரி நிறம் மாறிவிட்டது, கிளம்புங்கள் என்றார். ஊரே ஆடு மாடு சட்டி பானையோடு மேல் சரிவுக்குப் போய் நாலு நாள் கிடந்தது. ஏரி ஐந்தாம் நாள் பொந்து வழியாகச் சாதுவாக வடிந்துவிட்டது. இடையில் பெய்த மழையில், அறுத்துப் போட்ட புல் முழுவதும் அழுகியது. குளிர்காலத்தில் தீவனம் இல்லாமல் பசுக்களை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். அதன் பிறகு கடைக்குப் போனால், "அக்கா, இன்னைக்குத் துணி துவைக்கலாமா, ஏரியைக் கேட்டுச் சொல்லுங்க" என்பார்கள். ஓமுர்ஸாக் என்ற ஒருவர், அவருக்கு மூன்று பசு போயிருந்தது, அக்காவைப் பார்த்தாலே, ஊரைவிட்டுக் கிளம்புகிறவர் மாதிரி போர்வையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொள்வார். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

அதனால்தான் என்னை எடுத்தார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நீரியல் பட்டம். சான்றிதழைச் சட்டம் போட்டு, வீட்டில் சுவர்க் கம்பளத்துக்கு மேலே அம்மா மாட்டி வைத்திருக்கிறார், விருந்தாளி யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவார். அந்தக் கோடையில் புது விதி வந்தது. யாருடைய வாய்ச்சொல்லும் செல்லாது. மிச்சம் ஒன்றரை மீட்டருக்குக் கீழே போனால் ஊர் கிளம்பும், போகாவிட்டால் கிளம்பாது. அளந்து சொல்கிறவன் நான்.

அக்கா அதை ஒப்புக்கொண்ட விதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "ரொம்ப நல்லது. இனிமே நான் படம் மட்டும் அனுப்புவேன். வாயைத் திறக்க மாட்டேன். நீயே சொல்லு, நீயே வாங்கிக் கட்டிக்க."

ஜூலை இரண்டாம் வாரம் வெயில் உக்கிரமாக அடித்தது. பொந்து அடைத்துக்கொண்டது. பனிப்பாறை ஒன்று உடைந்து மிதந்து வந்து, அளவுகோலைப் பிடுங்கிக்கொண்டு போனது. நான் துயுக்-சூவுக்கே வந்து ஊராட்சி அறையில் லேப்டாப்போடு தங்கிவிட்டேன். அளவுகோல் இருந்த பழைய படங்களில் இருந்து ஒரு மீட்டருக்குப் படத்தில் எத்தனை பிக்சல் புள்ளி என்று கணக்கு வைத்திருந்தேன். அந்த மேட்டில் இருந்து, அந்த லென்ஸில், ஒரு மீட்டர் நூற்று இருபத்தைந்து புள்ளி. கரை உச்சிக்கும் தண்ணீர்க் கோட்டுக்கும் நடுவே இருநூறு புள்ளி இருந்தால் ஒன்று அறுபது. அந்த வியாழக்கிழமை சரியாக ஒன்று அறுபதுதான் வந்தது. விதி சொன்ன விளிம்புக்கு இன்னும் பத்து சென்டிமீட்டர்.

ஊராட்சித் தலைவர் கால்மூர்சா அன்று முழுவதும் என் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். மறுநாள் ஆற்றங்கரைப் புல்வெளியில் ஊர் கூடிக் குளிர்காலத் தீவனத்துக்குப் புல் அறுப்பதாக ஏற்பாடு. அறுபது பேர், குழந்தைகள் வேறு. மேற்கே மேகம் திரள்கிறது, ஞாயிற்றுக்கிழமை மழை என்றது ரேடியோ. வெள்ளிக்கிழமை அறுக்காவிட்டால் போன வருஷக் கதைதான். கிளம்பவும் முடியாது, இருக்கவும் முடியாது. புல்வெளி ஊருக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கிறது. போன் எடுக்காத இடம்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு அக்காவிடம் இருந்து குரல் செய்தி வந்தது. மலையில் சிக்னல் கிடைக்கும் ஒரே பாறையில் இருந்து பேசியிருந்தார். "மேட்டுக்குப் போற பாதை சரிஞ்சு போச்சு தம்பி. பின்னால இருக்கிற மேட்டுல இருந்து எடுத்திருக்கேன், எட்டரை மணிக்கு. மூணு படம் வருது. நான் ஒண்ணும் சொல்லல. நீ கணக்குப் பண்ணு."

குரலில் காற்று அதிகம். வேறு எதுவும் எனக்குக் கேட்கவில்லை. மூன்று படமும் வந்து இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. கால்மூர்சா என் தோளுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார். நான் தண்ணீர்க் கோட்டைப் பெரிதாக்கினேன். நூற்று முப்பத்தொரு புள்ளி. நேற்று இருநூறு. பிறகுதான் தூரம் மாறியிருப்பது ஞாபகம் வந்தது. பின்மேடு ஆயிரத்து இருநூறு மீட்டர். வரைபடத்தில் இரண்டு முறை சரிபார்த்தேன். படத்தோடு இருந்த விவரத்தைத் திறந்தேன். லென்ஸ்: 300. அதே லென்ஸ், இரண்டு மடங்கு தூரம். அப்படியென்றால் எல்லாம் பாதியாகத் தெரியும். ஒரு மீட்டருக்கு அறுபத்திரண்டு புள்ளிதான். மிச்சம் இரண்டு மீட்டர், பத்து சென்டிமீட்டர்.

"இறங்கியிருக்கு" என்றேன். "ஒரே ராத்திரியில அரை மீட்டர். பொந்து திறந்துடுச்சு."

கால்மூர்சா பீரோவைத் திறந்தார். நல்ல செய்தி கொண்டு வருகிறவனுக்கு அந்த இடத்திலேயே கையில் கிடைத்த பரிசைக் கொடுத்தாகவேண்டும், எங்களில் அது விட்டுப்போகாத வழக்கம். விருந்தினருக்கென்று வைத்திருந்த புது வெள்ளைக் கம்பளித் தொப்பியை எடுத்து என் தலையில் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பத்து நிமிடத்தில் வீடு வீடாகச் செய்தி போனது. ஜன்னல் வழியாக, அரிவாளும் தேநீர்ப் பாத்திரமும் குழந்தைகளுமாக ஊர் குதிரைகளில் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓமுர்ஸாக்கின் செந்நிறப் பெண் குதிரை முன்னால் போனது.

ஒன்றேகால் மணிக்கு அக்கா வந்தார். குதிரை மார்பு வரை நுரை. ஊருக்குள் நுழையும் திருப்பத்தில் புல்வெளி தெரியும். அங்கே ஆட்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கதவைத் தட்டவில்லை.

"யார் அவங்களைக் கீழே அனுப்பினது?"

தலைவர் என்னைக் காட்டினார். மிச்சம் இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கிறது, தண்ணீர் இறங்குகிறது என்று பொறுமையாகச் சொன்னார். அக்கா என் தலையில் இருந்த தொப்பியைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

"இறங்குதா? காலையிலேயே மிச்சம் ஒரு ஆளோட இடுப்பு உயரம்தான். பனி விளிம்பு ஓரம் கசியுது. நான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு இருந்தேன், கணக்கு சொல்லும்னு இருந்தேன்."

"புர்மாகான்" என்றார் கால்மூர்சா. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். "போன வருஷமும் இதே மாதிரிதான் வந்து நின்னே. நான் உன்னைக் குறை சொல்லல. ஆனா கண்ணால பார்த்ததுக்கு நாங்க ஒரு தடவை விலை கொடுத்துட்டோம்."

அக்காவின் முகம் சிவந்தது. ஒரு நிமிடம் அவர் அப்படியே திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போயிருந்தால் யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. போகவில்லை. என் பக்கம் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். உடம்பில் குதிரை வியர்வை நெடி.

"ரெண்டு மீட்டர் எங்கே இருந்து வந்துச்சு, காட்டு."

காட்டினேன். தூரத்தைக் காட்டினேன், வகுத்ததைக் காட்டினேன், லென்ஸ் 300 என்று இருந்த வரியைக் காட்டினேன். அவர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"இது பொய். கழுத்து போட்டிருந்தேன்."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. படத்தின் விவரத்தில் 300 என்றுதானே இருக்கிறது என்றேன்.

"அது ஜிபார் சொல்லி அன்னைக்குப் போட்ட நம்பர். கேமராவுக்கு என்ன தெரியும்? அது லென்ஸே இல்லைன்னு சொன்ன கேமரா. அவ்வளவு தூரத்துல இருந்து கழுத்து போடாம எவனாவது எடுப்பானா?"

கால்மூர்சா பெருமூச்சு விட்டார். அவருக்கு இது, போன வருஷ அவமானத்தைத் துடைக்க ஒரு பெண் இப்போது கண்டுபிடித்த சாக்கு மாதிரித்தான் பட்டது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அரை மனது அப்படித்தான் இருந்தது. நான் நான்கு வருஷம் படித்தது, எழுதி வைத்த எண்ணை நம்புவதற்கு. எதிரே இருந்தது ஒருவரின் வாய்ச்சொல். விதி என்ன சொல்கிறது என்று மூன்று பேருக்கும் தெரியும். சுவர்க் கடிகாரம் ஒன்றரையைத் தாண்டியிருந்தது. காலை வெயிலில் உருகும் தண்ணீர் ஏரிக்கு வந்து சேர்வது மதியத்துக்கு மேல்தான், ஏரி உச்சத்துக்கு ஏறுவது நாலு ஐந்து மணிக்கு.

அக்கா குரலைத் தாழ்த்தினார். "தம்பி, ஒட்டகக் கல் தெரியுமா?"

தெரியும். கரையின் இடது ஓரத்தில் மண்டியிட்ட ஒட்டகம் மாதிரி ஒரு பெரிய பாறை. எல்லாப் படத்திலும் இருக்கும். நான் அதைப் பார்த்ததே இல்லை என்று சொல்லவேண்டும், என் கண் எப்போதும் தண்ணீர்க் கோட்டில்தான்.

"நேத்துப் படத்தையும் இன்னைக்குப் படத்தையும் பக்கத்துல வை. நேத்தைவிட இன்னைக்கு ரெண்டு மடங்கு தூரம் பின்னால போயிருக்கேன். கழுத்து இல்லைன்னா ஒட்டகம் பாதி ஆகியிருக்கணும். ஆகியிருக்கா பாரு."

இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். அளக்கவே வேண்டாம், கண்ணுக்கே தெரிந்தது. இருந்தாலும் அளந்தேன். நேற்று முந்நூற்று எண்பது புள்ளி. இன்று முந்நூற்று எழுபத்தேழு. ஒட்டகக் கல் சிறுக்கவில்லை.

தூரம் இரண்டு மடங்கு, லென்ஸும் இரண்டு மடங்கு. பழைய கணக்கை அப்படியே போட்டிருந்தால் போதும். நூற்று முப்பத்தொன்றை நூற்று இருபத்தைந்தால் வகுத்தால், ஒரு மீட்டர் ஐந்து சென்டிமீட்டர். அதுவும் காலை எட்டரை மணிக்கு.

நான் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தேன். "என் கணக்கு தப்பு, தலைவரே. அக்கா சொல்றதுதான் சரி. உடனே கிளம்பணும்."

அவர் என்னையும் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், திட்டாமல் கார் சாவியை எடுத்தார். கீழ்த்தெரு வீடுகளில் இருந்த வயதானவர்களைக் கிளப்ப, காலை இழுத்து இழுத்து நடக்கும் ஜுமாலியைக் கூப்பிட்டுவிட்டோம். புல்வெளிக்குக் கார் பாதை பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகும், அரைமணி. குதிரைக்குப் பத்து நிமிடம். அக்கா தண்ணீர்கூடக் குடிக்காமல் களைத்த குதிரையின் மேல் ஏறினார்.

"நீ போய்ச் சொன்னா சிரிப்பாங்க" என்றார் கால்மூர்சா.

"சொல்லப் போறதில்ல" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாலத்துத் திருப்பத்தில் காருக்குள் இருந்துதான் பார்த்தேன். புல்வெளியின் மேல் ஓரத்தில் முப்பது நாற்பது குதிரைகள் கயிற்றில் மேய்ந்துகொண்டிருந்தன. ஆட்கள் ஆற்றோரம் வரிசையாகக் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்களிடம் போகவேயில்லை. நேராகக் குதிரைகளிடம் போனார். குனிந்து குனிந்து கத்தியால் கயிறுகளை அறுத்துக்கொண்டே வரிசை நெடுக ஓடினார். பிறகு சாட்டை. முதலில் ஓமுர்ஸாக்கின் செங்குதிரை கிளம்பியது, அதன் பின்னால் மற்றவை. மொத்தக் கூட்டமும் தூசி கிளப்பிக்கொண்டு மேல் சரிவைப் பார்த்து ஓடியது.

எங்களில் ஒருவனுடைய குதிரை ஓடினால், அவன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவான். சோறு தட்டில் இருந்தாலும் சரி, கல்யாணத்தில் இருந்தாலும் சரி. அரிவாள்கள் கீழே விழுந்தன. ஆண்கள் ஓடினார்கள், பெண்கள் ஓடினார்கள், அவர்களுக்குப் பின்னால் குழந்தைகள் ஓடினார்கள். அத்தனை தூரத்திலும் வசவு எங்களுக்குக் கேட்டது. அக்காவின் ஏழு தலைமுறையையும் ஒருவர் விடாமல் இழுத்தார்கள். அவர் குதிரைகளை நிற்க விடவில்லை. கால் கிலோமீட்டர், அரைக் கிலோமீட்டர், பழைய ஆட்டுப்பட்டிச் சுவர் வரைக்கும் விரட்டிக்கொண்டே போனார்.

நாங்கள் புல்வெளியை அடைந்தபோது, ஓட முடியாத ஆறு பேர் மிச்சம் இருந்தார்கள். அவர்களையும், தேநீர்ப் பாத்திரத்தை விட்டு வரமாட்டேன் என்ற ஒருத்தியையும் பாத்திரத்தோடு காரில் அடைத்துக்கொண்டு மேலே போனோம். பட்டிச் சுவருக்குப் பக்கத்தில் அக்கா குதிரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றி ஊரே கத்திக்கொண்டிருந்தது. செங்குதிரை கற்சரிவில் முன்னங்காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தது. ஓமுர்ஸாக் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும் கத்தவில்லை.

"ஏரி உடைஞ்சுதா?" என்று அவர் அக்காவைப் பார்த்துக் கேட்டார். "சொல்லு. உடைஞ்சுதா?"

"இன்னும் இல்ல" என்றார் அக்கா.

மணி மூன்று. மூன்றரை. நான் எழுந்து நின்று, தப்பு என்னுடையது என்று கணக்கை விளக்கினேன். பாதிப் பேர் கேட்கவில்லை. கழுத்து, ஒட்டகம் என்று நான் சொன்னது அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நாலு மணிக்கு இரண்டு பேர் அரிவாளை எடுக்கக் கீழே போகிறோம் என்று கிளம்பினார்கள். கால்மூர்சா காரைக் குறுக்கே நிறுத்தினார். அக்கா ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது. பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போனபோது, "வராம இருக்கட்டும், என்னைத் திட்டிட்டுப் போகட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலு நாற்பதுக்கு முதலில் வாசனை வந்தது. தோண்டிய குழியில் வருமே, அந்த ஈர மண் வாசனை. குதிரைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பின. மலையிடுக்கின் வாயில் தூசி எழும்பியது, பிறகு சத்தம். அது தண்ணீர் மாதிரி இல்லை. பழுப்புக் குழம்பு, மேலே கார் அளவுக் கற்கள் மிதக்கிற மாதிரி வந்தது. புல்வெளி நாங்கள் பார்க்கப் பார்க்கக் காணாமல் போனது. அறுத்த புல்லும், அறுக்காததும், டிராக்டரும், பாலமும். கீழ்த்தெருவில் ஒன்பது வீடு, அதில் அக்காவின் வீடும் உண்டு, மாட்டுக்கொட்டகையோடு. ஊராட்சி அறையும் போனது, மேசையில் இருந்த தொப்பியோடு.

ஆட்களை மூன்று தடவை எண்ணினோம். எல்லோரும் இருந்தார்கள்.

யாரும் அக்காவிடம் வந்து நன்றி சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. தேநீர்ப் பாத்திரக்காரி ஒரு கிண்ணம் ஊற்றிக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள். அவர் குதிரையில் இருந்து இறங்காமலே குடித்தார். அவர் கை நடுங்கியதில் பாதி சேணத்தில் சிந்தியது. அன்று அந்தக் கையைத்தான் முதல் தடவையாக நடுங்கப் பார்த்தேன்.

விசாரணைக் குழு வந்தபோது, என் தவறை நானே எழுதிக் கொடுத்தேன். கண்டித்துக் கடிதம் தந்தார்கள், வேலையில் வைத்துக்கொண்டார்கள். அம்மா அந்தக் கடிதத்தையும் வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறார், சட்டம் மட்டும் போடவில்லை.

ஓமுர்ஸாக் இன்று வரைக்கும் அக்காவோடு பேசுவதில்லை. அந்தக் குதிரை அவர் தாய் வீட்டுக் குதிரையின் குட்டி. பேசாவிட்டாலும், ஜூன் பிறந்தால் சரிந்த பாதையில் கல் அடுக்கிக் கொடுக்க வரும் ஆட்களில் அவரும் இருக்கிறார். அக்கா அந்தப் பக்கம் வந்தால் மண்வெட்டியோடு வேறு பக்கம் போய்விடுவார்.

புர்மாகான் அக்காவுக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. துயுக்-சூவில், மேல்தெருவில் புதிதாகக் கட்டிய வீட்டில், ஜுமாலியோடு இருக்கிறார். பார்வையாளர் வேலையில் இன்னும் கால் பங்குச் சம்பளம்தான். கழுத்தை லென்ஸோடு சேர்த்து சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டிவிட்டார், கழற்றுவதில்லை. கேமராவில் எண்ணை 600 என்று மாற்றியிருக்கிறார். ஒவ்வொரு நாளும் படத்தோடு வரும் குரல் செய்தியில், தண்ணீர் ஏறியதா இறங்கியதா என்று முதலில் அவரே சொல்லிவிடுகிறார். நான் அதன் பிறகுதான் அளக்கிறேன்.